அம்மா இன்னும் எழும்பவில்லையா?

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஆறு பிளாஸ்ரிக் கதிரை போடுவேன். ஒரு வெள்ளைப் பலகை, அதைத் துடைக்க மகனின் பழைய பெனியன் ஒன்று. கிழமையில் நான்கு நாள். பகலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், பின்னேரமானால் ரீச்சர். பெரிய இங்கிலீஷ் ஒன்றும் படிப்பிப்பதில்லை. எழுத்துத் தெரியும், தட்டுத்தடுமாறி வாசிக்கவும் வரும், ஆனால் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும் என்கிறவர்களே என்னிடம் வருவார்கள்.

அவர்களில் பாதிப்பேர் கலியாணம் முடித்து, மனுசன் லண்டனில், தான் இங்கே என்று காத்திருக்கிற பிள்ளைகள். பிரித்தானியாவில் இருக்கிற கணவனிடம் போக விசா கேட்டால் ஏ1 என்கிற ஆக அடிப்படை அளவு இங்கிலீஷைப் பேசிக் காட்ட வேண்டும். 2010 கடைசியில் வந்த சட்டம் இது. எழுத்து இல்லை, வாசிப்பு இல்லை, கேட்பதும் பேசுவதும் மட்டும்தான். என் பிள்ளைகள் அநேகமாக எடுக்கிற லைஃப் ஸ்கில்ஸ் சோதனையில் இரண்டு பேரைச் சேர்த்து இருத்தி, 16 தொடக்கம் 18 நிமிடம் கதைக்க விடுவார்கள். பாஸ் அல்லது ஃபெயில், இடையில் புள்ளி ஒன்றும் கிடையாது.

கேட்கிற கேள்விகள் சாதாரணமானவை. எங்கே இருக்கிறீர், வீட்டில் யார் யார், விடிந்தால் என்ன செய்வீர், மனுசனுக்கு என்ன வேலை. இதற்கெல்லாம் முக்கால்வாசி ஒரே ஒரு காலம் போதும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் முதல் நாளே படித்து, அன்றைக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்ட அந்த சிம்பிள் பிரசென்ட்.

போன வருசம் தை மாதம் சுன்னாகத்தில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். பெயர் வேண்டாம், லண்டன் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரி. மூன்றாம் நாள் சோதனை மாதிரியே கதைத்துப் பார்ப்போம் என்று அவளை முன்னால் இருத்தினேன்.

"வட் டஸ் யுவர் ஹஸ்பண்ட் டூ?"

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். விரலில் ஏதோ எண்ணினாள். பிறகு தெளிவாக, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்:

"ஹி இஸ் ஸ்லீப்பிங்."

மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. "உண்மையாத்தான் ரீச்சர், அவருக்கு நைற் வேலை. இப்ப அங்க பதினொண்டரை, நித்திரை கொள்ளுறார்" என்றாள். மாரியில் எங்களுக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம், கோடையில் நாலரை. இந்தக் கணக்கில் அந்தப் பிள்ளை ஒருநாளும் பிழைவிட மாட்டாள். மணிக்கூட்டைப் பார்த்து விரலில் எண்ணியது அதைத்தான்.

நான் சிரிக்கவில்லை. பிழை அவளுடையது இல்லை, எங்கள் தமிழ் செய்கிற வேலை. "அவர் என்ன செய்யிறார்?" என்று தமிழில் கேட்டால் அது என்ன கேள்வி? கலியாணம் பேச வந்தவர் கேட்டால் உத்தியோகம். ரெலிபோனில் மாமி கேட்டால் இந்த நிமிடம் மனுசன் படுத்திருக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்பது. ஒரே வசனம், ஆளையும் இடத்தையும் பார்த்து நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். இங்கிலீஷ்காரன் அந்த இரண்டையும் இரண்டு பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறான். "வட் டஸ் ஹி டூ" என்றால் வேலை. "வட் இஸ் ஹி டூயிங்" என்றால் இப்போது. அவள் சொல்லியிருக்க வேண்டியது, "ஹி வொர்க்ஸ் இன் எ பெட்ரோல் ஸ்டேஷன். ஹி வொர்க்ஸ் அட் நைட்."

அன்றைக்கு வகுப்பு முடிய வேண்டிய நேரம். ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. சரி, எல்லோரும் தங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில்.

தமிழில் என்றால் வாய் நிற்காதே. "அம்மா விடிய நாலரைக்கு எழும்புவா. முத்தம் கூட்டுவா. தேத்தண்ணி வைப்பா. புட்டவிப்பா. வெள்ளிக்கிழமை எண்டால் முழுகிப்போட்டுக் கோயிலுக்குப் போவா." அருமையான தமிழ். பிறகு அதே பிள்ளை இங்கிலீஷில்:

"மை மதர் வில் கெட் அப் அட் ஃபோர் தேர்ட்டி. ஷி வில் ஸ்வீப் த யார்ட். ஷி வில் மேக் டீ."

"அப்ப அம்மா இன்னும் எழும்பேல்லையோ?" என்று கேட்டேன்.

"எழும்பீட்டா ரீச்சர்."

"பிறகேன் எழும்பப் போறா எண்டு சொல்லுறீர்?"

பேசாமல் இருந்தாள். ஆறு பேரும் அம்மாவை 'வில்'லில்தான் எழுப்பினார்கள். ஒருவர் மட்டும் பிழைவிட்டால் அது அவரின் கவனக்குறைவு. ஆறு பேரும் ஒரே பிழையை விட்டால் அதற்குள் ஒரு காரணம் இருக்கும்.

காரணத்தைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். இந்தப் பதிவின் முதல் வரியைத் திரும்ப வாசியுங்கள். 'கதிரை போடுவேன்.' நாளைக்குப் போடப் போகிறேன் என்றா விளங்கியது? இல்லை. தினமும் போடுகிறவள் என்று விளங்கியது. போடுவேன், எழும்புவா, போவா, வரும், தின்னும் என்பவற்றைப் பள்ளிக்கூடத்தில் எதிர்காலம் என்று படித்தோம். ஆனால் வாயில் அவை பெரும்பாலும் எதிர்காலம் இல்லை, வழமை. எங்கள் வழமைகள் எல்லாம் எதிர்காலத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிகின்றன. அந்த உடுப்பைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் 'வில்' என்கிறார்கள். அதே நேரம் கொப்பியில் "சிம்பிள் பிரசென்ட் என்றால் நிகழ்காலம், ஐ கோ என்றால் நான் போகிறேன்" என்று எழுதிக் கொடுக்கிறோம். நிகழ்காலம் என்றால் இப்போது நிகழ்வது. ஆகவே இப்போது மனுசன் நித்திரை. அந்தப் பெயரே இரண்டு பக்கமும் ஆளை விழுத்துகிறது.

நானும் விழுந்தவள்தான். 90க்கும் 95க்கும் இடையில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ரென்ஸ் அட்டவணையைப் பாடமாக்கிய ஆள் நான். ஐ கோ, யூ கோ, ஹி கோஸ். கந்தசஷ்டி மாதிரி ஒப்புவிப்பேன். 95 இடப்பெயர்வில் கொப்பி போய்விட்டது, அட்டவணை மட்டும் மண்டையில் இருந்தது. சண்டையில் மூடிக் கிடந்த ஏ9 கண்டி வீதி 2002இல் திறந்த பிறகு வெளிநாட்டுக்காரர் வந்துபோகிற ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. புதிதாக வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் வவுனியாவில் இருந்து சாமான் எப்படி வருகிறது என்று கேட்டார். "த லொறி வில் கம் எவ்ரி டியூஸ்டே" என்றேன். எப்போதிருந்து தொடங்கும் என்று கேட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். லொறி ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை லொறி வரும் என்று நினைத்து, 'வரும்' என்பதை அப்படியே தூக்கி வைத்திருக்கிறேன். நான் என்ன பிழை விட்டேன் என்பதே எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது.

இதைப் பக்கத்து வீட்டு மாஸ்ரரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். மதிலுக்கு அந்தப் பக்கம் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே என் வகுப்பை முழுக்கக் கேட்கிறவர். "உது புதுப் பிரச்சினை இல்லைப் பிள்ளை. தொல்காப்பியர் வினையியலிலை உதுக்கெண்டே ஒரு சூத்திரம் வைச்சிருக்கிறார்" என்றார். மூன்று காலத்துக்கும் பொதுவாக இயல்பில் நடக்கிறதை 'செய்யும்' என்ற வாய்பாட்டில் சொல்ல வேண்டுமாம். அதற்கு அவர் வைத்த பெயர் 'மெய்ந்நிலைப் பொதுச்சொல்'. மலை நிற்கும், ஞாயிறு இயங்கும் என்று உரைகாரர் உதாரணம் காட்டுகிறார்கள். மலை நாளைக்கு எழும்பி நிற்கப் போகிறது என்று ஒருவரும் எடுக்க மாட்டார்கள்தானே. பிறகு மாஸ்ரர் வழக்கம்போல ஊர்ப் பெருமைக்குப் போய்விட்டார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சில் ஏற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை எங்கள் சிறுப்பிட்டிக்காரர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவர், அந்தாளுக்கு இங்கிலீஷும் தண்ணி பட்ட பாடு என்று. பெருமை இருக்கட்டும், எனக்குச் சூத்திரம் உதவியது. அன்றோடு 'நிகழ்காலம்' என்ற சொல்லைப் பலகையில் எழுதுவதை விட்டேன். இப்போது 'வழமைக் காலம்' என்றுதான் எழுதுவேன்.

வகுப்பில் ஒரு சின்ன வித்தை செய்கிறோம். சொல்லப் போகிற தமிழ் வசனத்துக்கு முன்னால் மூன்று சொல்லைப் போட்டுப் பார்ப்பது. வழமையா, இப்ப, நாளைக்கு. 'வழமையா அம்மா நாலரைக்கு எழும்புவா' பொருந்துகிறதா? அப்படியென்றால் கெட்ஸ் அப். 'நாளைக்கு அம்மா நாலரைக்கு எழும்புவா, பஸ் பிடிக்க வேணும்' என்றால் வில் கெட் அப். 'இப்ப அம்மா எழும்பிக்கொண்டிருக்கிறா' என்றால் இஸ் கெட்டிங் அப். எழும்புவா என்ற அதே சொல் இரண்டு இடத்துக்கும் போகிறது, முன்னால் நிற்கிற சொல்லைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். இது நூற்றுக்கு நூறு வேலை செய்யாது. ஏ1க்குக் காணும்.

அடுத்த கரைச்சல் அந்த 'ஸ்'. ஹி வொர்க்ஸ், ஷி குக்ஸ். "ஒரு ஸ்ஸுக்கு இவ்வளவு பாடோ ரீச்சர்?" என்று எல்லா வகுப்பிலும் ஒருவர் கேட்பார். நான் திருப்பிக் கேட்பேன்: தமிழில் எத்தனை? நான் வாறன், நீ வாறாய், நீங்கள் வாறியள், அவர் வாறார், அவ வாறா, அவை வாறினம், அது வருது. ஆளுக்கு ஒரு வால். இவ்வளவையும் மூன்று வயதில் பிழையில்லாமல் பிடித்த வாய் எங்களுடையது. இங்கிலீஷ்காரன் அந்த வாலையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்திருக்கிறான், அவன், அவள், அது என்ற மூன்றுக்கும் சேர்த்து. அதையும் விட்டால் எப்படி?

அதற்கும் அசையாதவர்களிடம் "அவர் வாற" என்று மட்டும் சொல்லி நிறுத்துவேன். எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். அவர் வாற என்ன? பஸ்ஸா, நேரமா, வழியா? காது அடுத்த சொல்லுக்காகத் தொங்கிக்கொண்டு நிற்கும். 'ஹி வொர்க்' என்று நிறுத்தினால் வெள்ளைக்காரன் காதிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். விளங்கும், ஆனால் ஒரு படி குறைந்த ஏணி.

கேள்வி கேட்கும்போதுதான் கூத்து. 'ஹி வொர்க்ஸ்' என்று அரும்பாடுபட்டுப் பழகியவர்கள் 'டஸ் ஹி வொர்க்ஸ்?' என்பார்கள். நான் சொல்வது இது: அந்த வீட்டில் இருப்பது ஒரேயொரு குடை. டஸ் அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் வொர்க் நனையத்தான் வேணும். டஸ் ஹி வொர்க்? ஹி டஸின்ட் வொர்க். இப்போதெல்லாம் யாராவது பிழைவிட்டால் பின் கதிரையில் இருந்து "ரெண்டு குடை, ரெண்டு குடை" என்று சத்தம் வரும்.

உச்சரிப்பு வேறு. வொர்க்ஸில் வருகிற 'ஸ்' பாம்பு சீறுகிற மாதிரி. லிவ்ஸில் வருகிறது வண்டு இரைகிற மாதிரி, தொண்டையில் விரலை வைத்தால் அதிரும். வொஷிஸ், டீச்சிஸ் என்றால் இன்னோர் அசை கூடிவிடும். அந்த வண்டுச் சத்தத்துக்குத் தமிழில் எழுத்தில்லை, இங்கேயும் 'ஸ்' என்றுதான் எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும். பலகையில் பாம்பும் வண்டும் கீறித்தான் காட்டுவேன். என் வண்டு கரப்பொத்தான் மாதிரி இருக்கிறதாம்.

உடுவிலில் இருந்து ஓர் ஆச்சி கொஞ்ச நாள் வந்தா. மகளிடம் போக விசிட் விசா, சோதனை ஒன்றும் இல்லை, பேரப்பிள்ளைகளோடு கதைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுபது தாண்டிய வேதக்கார ஆச்சி. சங்கீதத்தை இங்கிலீஷில் பாடமாக வைத்திருந்தா. ஒருநாள் மேக்ஸ் என்று நான் எழுத, "மேக்கத் எண்டல்லோ வரும்?" என்று கேட்டா. 'ஹி மேக்கத் மீ டு லை டவுன்.' 23ஆம் சங்கீதம், 1611 பைபிள். ஆச்சி சொன்னதும் சரிதான். இங்கிலாந்தின் தெற்கில் முன்பு வாலாக இருந்தது அந்த 'அத்', 'ஸ்' வடக்கில் இருந்து இறங்கி வந்து அதைத் துரத்தியது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன்காரர் கையிலும் அந்த வேதாகமம்தான் இருந்திருக்கும். ஆச்சி பேரனிடம் 'ஹி மேக்கத்' என்று சொல்லி அவன் முழுசுவதை நினைத்து எங்களுக்கு ஒரே சிரிப்பு.

இலக்கணப் புத்தகங்களில் எனக்கு ஒரு கோபம் உண்டு. சிம்பிள் பிரசென்ட் என்றதும் 'த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்'. சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று என் வாழ்க்கையில் ஒருவரிடமும் சொல்லத் தேவை வந்ததில்லை. உங்களுக்கு வந்ததா? பொது உண்மை வேண்டுமென்றால் எங்கள் ஊரில் இல்லாததா? உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லும் என்று கேட்டால் நாங்கள் கிணற்றைச் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். 'வி டோன்ட் ஹாவ் எ பிக் ரிவர். வி டேக் வோட்டர் ஃப்ரம் வெல்ஸ்.' எட்டுச் சொல்லுக்குள் ஊர் வந்துவிட்டது. (எண்ணிப் பார்க்க வேண்டாம், கூடத்தான் இருக்கும்.)

நல்லூரைச் சொல்வோம். மணிக்கூடு பிழைத்தாலும் நல்லூர்ப் பூசை பிழைக்காது என்பது ஊருக்கே தெரியும். 'த ஃபெஸ்டிவல் லாஸ்ட்ஸ் ட்வென்டி ஃபைவ் டேய்ஸ்.' தேர் 24ஆம் நாள், தீர்த்தம் 25. எந்த வருசம் கேட்டாலும் அதே பதில், ஆகவே வழமைக் காலம். இந்த வருசம் கொடி எப்போது என்று கேட்டாலும் நாட்காட்டியில் அச்சடித்த சங்கதி என்பதால் அதே காலம்தான் பொருந்தும். பஸ்ஸும் அப்படி. 'கொழும்பு பஸ் ஏழரைக்கு வெளிக்கிடும்' என்பதற்கு வில் தேவையில்லை, 'த பஸ் லீவ்ஸ் அட் செவன் தேர்ட்டி' போதும், நாளைய பஸ்ஸாக இருந்தாலும். நேரசூசியில் இருக்கிறது ஒருவரின் எண்ணம் இல்லை, எழுதி வைத்த ஒழுங்கு. எங்கள் 'வெளிக்கிடும்' அதைத்தான் சொல்கிறது. அந்த பஸ் உண்மையில் எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்பது வேறு கதை, அதற்கு இங்கிலீஷில் என்ன காலம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்', 'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்று வருகிறவர்களுக்கு நான் நீட்டி விளக்குவதில்லை. அக்காமார் இருவர் உமக்கு இன்றைக்கு மட்டுமா, பின்னேரம் ஆறுக்குப் பிறகும் இருப்பினமா என்று கேட்டால் அடுத்த தரம் ஹாவ் என்று வந்துவிடும்.

லண்டன் பிள்ளை மூன்று மாதம் வந்தாள். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று மனுசனைப் பற்றி இருபது வசனம் சொல்லுவாளாம். ஹி வொர்க்ஸ் அட் நைட். ஹி ஸ்லீப்ஸ் இன் த மோர்னிங். ஹி லைக்ஸ் ஃபிஷ் கறி. ஹி டஸின்ட் ஈட் பிட்டர் கோர்ட். கலியாணம் முடித்துப் பதினெட்டு நாள் மட்டும் சேர்ந்து இருந்த பிள்ளை அவள். பாகற்காய் சாப்பிட மாட்டார் என்பதை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த வசனத்துக்காகத்தான் ரெலிபோனில் கேட்டாளாம், அவருக்குப் பிடிக்காத மரக்கறி என்ன என்று. அன்றிரவு ஒன்றரை மணித்தியாலம் இரண்டு பேரும் மரக்கறி கதைத்திருக்கிறார்கள். 'ஹி நெவர்' என்று ஒரு வசனம் தொடங்கி முடிக்காமல் விட்டாள், நான் கிண்டவில்லை.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதினாள். எழுதினாள் என்று பழக்கத்தில் வருகிறது, கதைத்தாள். பாஸ். விசா வர இன்னும் கனநாள் எடுத்தது, அது படிப்புச் சம்பந்தப்பட்ட விசயமில்லை, விடுவோம்.

போன மாதம் வட்ஸ்அப்பில் அவளின் குரல் பதிவு ஒன்று வந்தது. "ரீச்சர், அவருக்கு இப்ப டே சிஃப்ற்" என்று தமிழில் தொடங்கி, எனக்காக இங்கிலீஷில் ஒருதரம் சொன்னாள். 'ஹி வொர்க்' என்றாளா 'ஹி வொர்க்ஸ்' என்றாளா என்று பிடிபடவில்லை, அந்த இடத்தில்தான் அவள் வீட்டுக் கேத்தில் கொதித்து சீறத் தொடங்குகிறது. மூன்று தரம் போட்டுக் கேட்டேன். காதுக்குக் கிட்ட வைத்தும் கேட்டேன். ஒரு 'ஸ்' இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அது பிள்ளையுடையதா கேத்திலுடையதா என்பதுதான்.